பெட்டிக்குள் எந்த ஊர் மழை?

பழைய ஆண்டுகளின் மழை அளவைப் பெட்டிப் படமாக வரைந்து, அதன் மேல் இந்த ஆண்டின் மழையை ஒரு சிவப்புப் புள்ளியாக வைத்துக் காட்டும் வழக்கம் எங்கள் பக்கத்து விவசாயக் கூட்டங்களில் இப்போது நன்றாகப் பரவிவிட்டது. பாளையங்கோட்டையில் மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். இயல்பைவிட இத்தனை சதவீதம் குறைவு என்று ஒற்றை எண்ணைச் சொல்லி முடித்துவிடும் அறிக்கையைக் காட்டிலும், இந்த ஊரில் மழை ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறக்கூடியது என்பதையும் சேர்த்துக் காட்டுகிற படம் எவ்வளவோ மேலானது. ஆனால் ஓர் எண்ணம் சில காலமாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. பெட்டி மட்டும் இருக்கும்வரை அந்தப் படம் பழைய விவரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. புள்ளி ஏறி உட்கார்ந்துவிட்டால் அது தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு பயிர்க் காப்பீட்டையும் வறட்சி நிவாரணத்தையும் அணையில் தண்ணீர் திறப்பதையும் பேசுகிறார்கள். அப்படிப் பேசும் முன், அந்தப் பெட்டி எந்த எண்களால் கட்டப்பட்டது என்று கேட்பவர் மிகக் குறைவு.

படத்தின் அமைப்பைப் பலரும் அறிவார்கள். தரவை வரிசைப்படுத்தி நடுவில் விழும் இடைநிலை அளவு ஒரு கோடு. கால்வாசி எண்கள் தனக்குக் கீழே விழும் கீழ்க் கால்மானமும், முக்கால்வாசி எண்கள் தனக்குக் கீழே விழும் மேல் கால்மானமும் பெட்டியின் இரு விளிம்புகள். அவற்றிலிருந்து பெட்டியின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் இருக்கும் கடைசி எண் வரை மீசைக்கோடுகள். அதற்கும் அப்பால் விழுபவை தனிப் புள்ளிகள். 1952இலேயே மேரி எலனார் ஸ்பியர் இதற்கு நெருங்கிய ஒரு படத்தைக் காட்டியிருந்தார். இன்று நாம் வரையும் வடிவத்தைப் பரப்பியது 1977இல் வெளிவந்த ஜான் டூக்கியின் நூல். டூக்கி இதைத் தாளும் பேனாவும் வைத்துக் கையால் வரைவதற்காகவே வகுத்தார் என்பதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வதுண்டு. கையால் வரைகிறவர் ஒவ்வோர் எண்ணையும் கண்ணால் பார்த்து வரிசைப்படுத்தியாக வேண்டும். மலைமேல் இருக்கும் மாஞ்சோலையின் எண்ணும் கீழே வறண்ட சமவெளியில் இருக்கும் ராதாபுரத்தின் எண்ணும் ஒரே வரிசையில் வந்து நின்றால் அவருடைய பேனா அங்கேயே தயங்கும். மென்பொருளுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. ஒரு வரிக் கட்டளை கொடுத்தால், பத்தியில் இருப்பதையெல்லாம் அள்ளிப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறது.

மாஞ்சோலையும் ராதாபுரமும்

நாங்குநேரி, ராதாபுரம் வட்டங்களின் குளத்துப் பாசன விவசாயிகள் வந்திருந்த ஒரு கூட்டத்தில்தான் இந்த எண்ணம் எனக்குத் தெளிவாக உருக்கொண்டது. திரையில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று பெட்டிகள் இருந்தன. திருநெல்வேலி மாவட்டத்தின் எல்லா மழைமானிகளின் எல்லா ஆண்டுகளும் சேர்ந்து ஆனவை அந்தப் பெட்டிகள். அவற்றின் மேல் ராதாபுரம் பக்கத்து மழை சிவப்புப் புள்ளிகளாக வைக்கப்பட்டிருந்தது. மூன்று புள்ளிகளும் பெட்டிக்குக் கீழே, ஆனால் மீசைக்கோட்டுக்குள் இருந்தன. படத்தை விளக்கியவர், புள்ளிகள் வரம்புக்குள்தான் இருக்கின்றன, அந்தப் பகுதி எப்போதும் கீழ்ப்பக்கம்தான் வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, அந்தப் படத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. இந்தப் பெட்டிக்குள்ள எந்தெந்த ஊரு மழை கெடக்கு?" என்று கேட்டார். மாவட்டம் முழுவதும் இருக்கிறது ஐயா என்று பதில் வந்தது. "மாஞ்சோலை மழையுமா?" என்றார். ஆமாம் என்றார்கள். "அப்பம் நல்லாப் பெஞ்ச வருசத்துலயும் எங்க புள்ளி இந்தக் கீழ் எடத்துலதான கெடந்திருக்கும்? பெய்யாத வருசத்துலயும் அங்கதான் கெடக்கும்னா, இந்தப் படம் எங்களுக்கு என்னத்தச் சொல்லுது தம்பி?"

இதைவிடத் துல்லியமாக ஒரு புள்ளியியல் ஆசிரியரால் கேட்டிருக்க முடியாது. ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை ஆகிய மலை மானிகளில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் கொட்டுகின்றன. கீழே ராதாபுரத்துத் தேரிக்காட்டில் வடகிழக்குப் பருவத்தை நம்பித்தான் எல்லாம். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்தால் பெட்டி மேல்நோக்கி நீண்டுவிடுகிறது. பெட்டி நீண்டால் ஒன்றரை மடங்கு எல்லையும் நீள்கிறது; கீழ்ப்பக்க எல்லை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. மழை பூஜ்யத்துக்குக் கீழே பெய்யாது. ஆகவே எவ்வளவு கடுமையான வறட்சி வந்தாலும் ராதாபுரத்தின் புள்ளி வரம்பை மீறியதாக அந்தப் படத்தில் ஒருநாளும் காட்டப்படாது. மறுபக்கம், மலையில் பருவம் பொய்த்த ஆண்டிலும் மாஞ்சோலையின் புள்ளி பெட்டியின் நடுவில் சுகமாக உட்கார்ந்திருக்கும். ஊர்களுக்கு இடையில் இருக்கும் வேறுபாட்டை அளக்கும் பெட்டியின் மேல், ஆண்டுகளுக்கு இடையில் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கேள்வியை வைத்ததுதான் அங்கே நடந்தது. கணக்கில் ஓர் எண்கூடத் தவறில்லை. கேள்விக்கும் பெட்டிக்கும்தான் பொருத்தமில்லை.

ஒரு மானி, அதன் சொந்த ஆண்டுகள்

ஒரு மானியின் இந்த ஆண்டு அந்த மானியின் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடப்பட வேண்டும் என்பதே என் முடிவு. மாவட்டத்துக்கு ஒரே படம் வேண்டுமென்றால், மானிக்கு ஒரு சிறு கட்டமாகப் பல கட்டங்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் அதனதன் பெட்டியும் புள்ளியும் வைக்கலாம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், படம் வரைவதற்கான ஜிஜிபிளாட் தொகுப்பில் இது மிக எளிது. அச்சின் அளவுகளை மட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக விட வேண்டும். இல்லாவிட்டால் ஊத்தின் உயரத்துக்கு முன்னால் ராதாபுரத்தின் பெட்டி தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும்.

'திருநெல்வேலி மாவட்டம்' என்ற பெயரில் கிடைக்கும் நீண்ட தொடரிலும் இதே சிக்கல் வேறு உருவில் ஒளிந்திருக்கிறது. 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமானது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. ஆகவே 1980இன் மாவட்டச் சராசரிக்குள் திருச்செந்தூரும் செங்கோட்டையும் இருக்கின்றன. 2000இன் சராசரிக்குள் செங்கோட்டை மட்டும் இருக்கிறது. 2022இன் சராசரிக்குள் இரண்டும் இல்லை. மூன்று வெவ்வேறு நிலப்பரப்புகளை ஒரே பெயரின் கீழ் ஒரு பெட்டியாக்கி, இன்றைய மாவட்டத்தின் புள்ளியை அதன் மேல் வைத்தால், மழை மாறியதா எல்லை மாறியதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மானி வாரியாகப் போனால் இந்தக் குழப்பம் இல்லை. அம்பாசமுத்திரத்தின் மானி எந்த மாவட்டத்தின் கீழ் வந்தாலும் அம்பாசமுத்திரத்தின் மழையைத்தான் அளந்திருக்கிறது.

இந்த ஆண்டும் பெட்டிக்குள் இருக்கலாமா?

இதைப் பலரும் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒப்பிடப்படும் ஆண்டைப் பெட்டி கட்டும்போதே உள்ளே சேர்த்துவிட்டு, பிறகு அதே ஆண்டைப் புள்ளியாகவும் மேலே வைப்பது பெரும்பாலான படங்களில் நடக்கிறது. எல்லா ஆண்டுகளும் ஒரே அட்டவணையில் இருப்பதால், பிரித்தெடுக்கச் சொல்லாவிட்டால் மென்பொருள் அனைத்தையும் சேர்த்தே கட்டிவிடுகிறது. எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒன்பது எண்களை எழுதிக்கொள்வோம்: 12, 15, 18, 20, 22, 25, 28, 30, 34. இவை ஒரு நவம்பரின் ஒன்பது ஆண்டு மழை, சென்டிமீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பு 18, மேல் விளிம்பு 28. பெட்டியின் உயரம் 10. ஒன்றரை மடங்கு 15. மேல் எல்லை 43. இந்த ஆண்டு 44 பெய்திருக்கிறது என்றால் புள்ளி எல்லைக்கு வெளியே நிற்கிறது. பழைய ஒன்பது ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் இது வழக்கத்துக்கு மாறான நவம்பர் என்று படம் சொல்கிறது. இப்போது அந்த 44ஐயும் உள்ளே சேர்த்துப் பத்து எண்களாகக் கட்டுங்கள். ஜிஜிபிளாட் கணக்கில் விளிம்புகள் 18.5, 29.5 என்றாகின்றன, உயரம் 11, எல்லை 46. அதே 44 எல்லைக்குள் வந்துவிட்டது. மீசைக்கோடு நீண்டு போய் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தன்னை அளக்கும் அளவுகோலைப் புள்ளியே நீட்டிக்கொண்டது. முப்பது, நாற்பது ஆண்டுத் தரவு இருந்தால் இந்த விளைவு பெரிதும் மங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் தானியங்கி மானிகள் பல அண்மையில் நிறுவப்பட்டவை; குறைந்த ஆண்டுகளே உள்ள அவற்றை வைத்துத்தான் இத்தகைய படங்கள் வேகவேகமாக வரையப்படுகின்றன.

அதே பத்து எண்களை ஆர் மென்பொருளின் பழைய அடிப்படைக் கட்டளையில் கொடுத்தால் மேல் விளிம்பு 30 என்று வருகிறது. எக்செல் தன் இயல்பான அமைப்பில் 31 என்று போடுகிறது. கால்மானத்தைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட நேர்மையான வழிகள் இருப்பதுதான் காரணம், எதுவும் பிழையில்லை. ஆனால் பெட்டியை ஒரு மென்பொருளில் கட்டி, விளிம்புகளை இன்னொன்றில் கணக்கிட்டு மேலே எழுதினால் இரண்டும் ஒட்டாது. ஒப்பீடு முழுவதையும் ஒரே கருவியில் முடிப்பது நல்லது.

புள்ளி இடம் மாறும் விதம்

மேல் வைக்கும் வேலையில் கருவிகள் தரும் தொல்லைகளில் மிக ஆபத்தானது கிடைமட்ட அச்சில் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே அக்டோபர், நவம்பர் என்று எழுதியிருக்கிறது. மென்பொருளுக்கோ அவை வெறும் எண்கள். பைத்தான் நிரல்மொழியில் படம் வரையும் தொகுப்புகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். மேட்பிளாட்லிப் பெட்டிகளை 1, 2, 3 என்ற இடங்களில் நிறுத்துகிறது. சீபார்ன் தன் வகைகளை 0, 1, 2 என்று எண்ணுகிறது. பெட்டியை முன்னதில் வரைந்து புள்ளிகளைப் பின்னதில் தூவினால், நவம்பரின் புள்ளி அக்டோபர் பெட்டியின் மேலும், டிசம்பரின் புள்ளி நவம்பர் பெட்டியின் மேலும் போய் உட்காரும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. நம் சமவெளியில் வடகிழக்குப் பருவம் நவம்பரில் உச்சத்துக்குப் போவது வழக்கமாகையால், அக்டோபர் பெட்டியில் ஏறிய நவம்பர் மழை அதிக மழையாகவும், நவம்பர் பெட்டியில் ஏறிய டிசம்பர் மழை பற்றாக்குறையாகவும் தோன்றும். பார்ப்பவர் ஐயப்பட இடமே இருக்காது; நம்பக்கூடிய கதையாகவே இருக்கும். ஆர் மென்பொருளில் மாதப் பெயரைச் சொல்லாகக் கொடுத்தால் அகர வரிசை வந்துவிடும். தமிழில் எழுதியிருந்தால் அக்டோபருக்குப் பிறகு ஆகஸ்ட்டும், நவம்பருக்கு முன்னால் டிசம்பரும் நிற்கும். வரிசையை முன்கூட்டியே வகுத்துக் கொடுத்துவிட வேண்டும். எக்செல்லில் 2016 முதல் தனிப் பெட்டிப் பட வகை இருந்தாலும் அதன் மேல் வேறு வகைப் படத்தை ஏற்ற அது விடுவதில்லை. ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் பெட்டிப் படக் கட்டளையும் புள்ளிப் படத்தோடு சேராது. அந்த இரண்டிலும் கால்மானங்களைத் தனியே கணக்கிட்டுப் பெட்டியை நாமே பட்டையாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது கூடுதல் உழைப்புதான். ஆனால் எந்த எண்கள் உள்ளே போகின்றன என்று அப்போது நன்றாகத் தெரிந்துவிடுகிறது.

2023 டிசம்பரை வரையும்போது இன்னும் இரண்டு கண்ணிகள் காத்திருக்கின்றன. டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ.; நம் மூலைக்கரைப்பட்டியிலும் 60 செ.மீ.க்கு மேல். தாமிரபரணிக் கரையில் வீடு வைத்திருந்த எவரும் மறக்க முடியாத நாள்கள் அவை. அந்த ஆண்டைத் தரவில் சேர்த்துப் பெட்டி வரைந்து, எல்லா ஆண்டுகளையும் புள்ளிகளாக மேலே தூவினால், பெட்டிப் படம் தானே ஒரு முறை அந்த எல்லை மீறிய புள்ளியை வரைகிறது, தூவும் கட்டளை மறுபடியும் ஒரு முறை வரைகிறது. ஒரே உயரத்தில் அருகருகே இரண்டு புள்ளிகள் நிற்கும். விவரம் தெரியாதவர் அப்படி இரண்டு வெள்ளங்கள் வந்ததாகவே படிப்பார். பெட்டிப் படத்தின் தனிப் புள்ளிகளை மறைக்கச் சொல்லிவிட்டுத்தான் தூவ வேண்டும். இரண்டாவது கண்ணி இன்னும் மோசமானது. அந்த ஒரு புள்ளியால் மற்ற ஆண்டுகளெல்லாம் அடியில் நசுங்கிக் கிடப்பதால், அச்சை 40 செ.மீ.யோடு நிறுத்தச் சொல்கிறார்கள். ஜிஜிபிளாட்டில் அச்சின் எல்லையைச் சுருக்கும் சாதாரணக் கட்டளை, எல்லைக்கு வெளியே உள்ள ஆண்டுகளைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டுப் பெட்டியை மறுபடியும் கட்டுகிறது. இத்தனை வரிகள் நீக்கப்பட்டன என்று ஒரு சிறு எச்சரிக்கை மட்டும் வரும். கணக்கை மாற்றாமல் பார்வையை மட்டும் நெருக்கும் கட்டளை தனியே இருக்கிறது. முதலாவதைப் பயன்படுத்திய படத்தில் 2023இன் வெள்ளமே நிகழவில்லை. மக்கள் மாடியில் ஏறி நின்ற ஓர் இரவை அச்சின் அழகுக்காக அழிக்க யாருக்கும் உரிமையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இயல்பும் மறுகாலும்

சிவப்புப் புள்ளியோடு 'இயல்பு மழை'யையும் ஒரு வைரக் குறியாக வைக்கச் சிலர் சொல்கிறார்கள். வைக்கலாம், ஆனால் அந்த இயல்பு என்பது நீண்ட காலச் சராசரி. அதிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறைக்கு அது இயல்பான மழைதான். பெட்டியின் நடுக்கோடு இடைநிலை அளவு. வறண்ட நிலத்தின் மழையில் ஓரிரு பெருமழை ஆண்டுகள் சராசரியைத் தூக்கிவிடுவதால், வைரம் நடுக்கோட்டுக்கு மேலே நிற்பதே வழக்கம். அப்படி நிற்கும் ஊரில் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகள் இயல்புக்குக் குறைவாகத்தான் இருந்திருக்கும். இரண்டையும் ஒருசேரக் காட்டினால், ஆண்டுதோறும் எங்களுக்குக் குறைவு குறைவு என்றே சொல்கிறார்களே என்று குமுறும் விவசாயிக்கு அதன் காரணமும் படத்திலேயே கிடைத்துவிடும்.

அந்த முதியவரின் ஊருக்காக நான் பிறகு வரைந்து கொடுத்த படத்தில் சிவப்புப் புள்ளியைவிட முக்கியமானதாக வேறொன்று அமைந்தது. ஒரே மானியின் பழைய ஆண்டுகளையெல்லாம் பெட்டியின் மேல் சிறு வட்டங்களாகத் தூவியிருந்தேன். படத்தைக் கையில் வாங்கிய அவரும் மடை திறக்கும் பொறுப்பில் இருந்த இன்னொருவரும், குளம் நிரம்பி மறுகால் பாய்ந்த ஆண்டுகளை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். இன்ன ஆண்டு மகள் கல்யாணம், அன்றைக்கு மறுகால் போனது. இன்ன ஆண்டு பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவியும் நட முடியாமல் போனது என்று இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே சொன்னார்கள். மறுகால் பாய்ந்த ஆண்டுகளின் வட்டங்களை நிறைத்தும் மற்றவற்றை வெற்று வட்டமாகவும் மாற்றினேன். நிறைந்தவை பெரும்பாலும் பெட்டியின் மேல் பாதியிலும் அதற்கு மேலும் கூடின. ஆனால் சில, நடுக்கோட்டுக்குக் கீழேயும் நின்றன. "அதெல்லாம் இங்க பெய்யல தம்பி. மலையில பெஞ்சு, எண்பதடிக் கால்வாயில தண்ணி வந்த வருசம்" என்றார் முதியவர். அந்த ஆண்டுகளில் மணிமுத்தாறு அணையிலிருந்து அந்தக் கால்வாய் எப்போது திறக்கப்பட்டது, கால்வாயின் கடைசிப் பகுதியான கடைசி ரீச்சு வரை தண்ணீர் எப்போது வந்து சேர்ந்தது என்ற தேதிகளை இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அவை கிடைத்ததும் அந்த வட்டங்களுக்கு மட்டும் மூன்றாவது நிறம் கொடுக்க வேண்டும்.